குடிகாரக் காரும் கோழிப்பண்ணை மச்சானும்

டர்போ என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். நாமக்கல் லாரியில் டர்போ இருக்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் டர்போ இருக்கிறது. ஒன்று டன் கணக்கில் பாரம் இழுக்கிறது. இன்னொன்று பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிறது. தண்ணீர் வராவிட்டாலும் பில் வந்துவிடும். வெண்ணந்தூரில் மூன்றாவதாக ஒரு டர்போ இருக்கிறது. அது ராசிபுரம் போய் நெய் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறது. அதன் உரிமையாளன் அடியேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரு லிட்டர் இன்ஜின், மூன்று சிலிண்டர், 110 குதிரைத்திறன். தயாரித்த கம்பெனிக்கும் எனக்கும் தகராறு எதுவும் இல்லாததால் பெயர் வேண்டாம். 'பெர்ஃபாமன்ஸ் காருங்க, டர்போ விசிலடிக்கும், காது கொடுத்துக் கேளுங்க' என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. தறி ஓடுகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக் கல்யாண மேளமே காதில் விழாது. மூன்றாவது கியர் போடலாம் என்று கை போகும்போது வேகத்தடை வந்து நிற்கும். தேசிய நெடுஞ்சாலை 44 இருக்கிறதே, மல்லூர் பக்கம் ஏறி ஒரு மிதி மிதிக்கலாமே என்று கேட்பீர்கள். மிதித்தேன். பின் சீட்டில் இருந்த அம்மா அதற்குப் பிறகு டவுன் பஸ்ஸில்தான் போகிறார்.

இப்படி மனநிறைவோடு ஓட்டிக்கொண்டிருந்தவன் காதில் எத்தனாலைப் போட்டவன் கோயம்புத்தூரில் படிக்கிற என் மகன். 'பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்கன்னு ஊரே திட்டுதுப்பா. ஆனா டர்போ இன்ஜினுக்கு அதுதான் அமிர்தம்' என்றான். மகன் சொல்வதை நம்ப வேண்டாம் என்று அனுபவம் சொன்னது. என் காரைப் புகழ்ந்து சொல்கிறானே என்று ஆசை சொன்னது. ஆசை ஜெயித்தது.

விஷயம் உண்மைதான். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, வெளிக் காற்றை அமுக்கி உள்ளே திணிப்பதுதான் டர்போ. காற்றை அமுக்கினால் சூடேறும். சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் வைத்த தீ வந்து சேர்வதற்குள், ஓரத்தில் நிற்கும் கலவை அந்தச் சூட்டில் தானாகவே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். பிஸ்டனே ஓட்டையாகிப் போகும். அதைத் தாக்குப்பிடிக்கும் திறமைக்கு ஆக்டேன் என்று மார்க் போடுகிறார்கள். நாம் காலகாலமாக ஊற்றிய சாதா பெட்ரோல் 91. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 95. சுத்த எத்தனால் 108-ஐத் தொடும். போதாததற்கு, எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சிலிண்டர் குளிரும், இன்னும் கொஞ்சம் காற்றைத் திணிக்கலாம், இன்னும் கொஞ்சம் சக்தியைக் கறக்கலாம்.

ஸ்வீடன்காரர்களின் கோனிக்செக் ஜெஸ்கோ என்றொரு கார். இரட்டை டர்போ. பெட்ரோல் ஊற்றினால் 1280 குதிரைத்திறன். 85 சதவீதம் எத்தனால் உள்ள இ85 ஊற்றினால் 1600. மகன் இதைச் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எரிபொருளை மாற்றியதில் கிடைத்த அந்த 320 குதிரை மட்டுமே என் காரைப் போல மூன்று கார் ஆயிற்றே! அமெரிக்காவின் இண்டிகார் பந்தயம் 2007-லேயே எத்தனாலுக்கு மாறிவிட்டது. பந்தயக்காரன் தேடிப் போய் ஊற்றுவதை எனக்கு ராசிபுரம் பங்க்கில் கேட்காமலே ஊற்றுகிறார்கள் என்று நினைக்கும்போது ஒரு கர்வம் வந்ததை மறைப்பானேன்.

இந்தக் கர்வத்தை வீட்டில் வெளியிட்டபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி: 'எத்தனால்னா சாராயந்தானுங்களே?'

ஆமாம், சாராயம்தான். என் கார் குடிக்கிற இ20, பீரைவிடக் காரம் அதிகம், பிராந்தியைவிடக் குறைவு. எங்கள் வகையறாவில் அப்பா, தாத்தா யாரும் அதைத் தொட்டதில்லை. 'இந்த ஊட்டுல குடிக்கிற மொத ஆளு உங்க காருங்க' என்றாள். டாஸ்மாக் கடைகூடப் பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது, இரவு 10 மணிக்கு மூடிவிடுகிறது. என் காருக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் நெடுஞ்சாலை பங்க்கில் ஊற்றுவார்கள்.

குடித்தது வேலை செய்ய வேண்டுமே. அங்கேதான் கணக்கு இடித்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதே வேலைக்கு அதிகம் எரிக்க வேண்டும். சாதா பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்குச் சரிப்படுத்திய கார்களில் இ20 ஊற்றினால் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. என் கார் அந்தக் காலத்துப் பிறப்பு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்த வண்டி 14 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் விலை நூறைத் தாண்டியது தாண்டியபடியே நிற்கிறது.

குதிரையாவது கூடியதா? ராசிபுரத்து மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் போனட்டைத் திறந்தார், ஏர் ஃபில்டரை உருவினார், என்னைப் பார்த்தார். கார் நிற்பது தறிக் கொட்டகைக்குள். காற்றை அள்ளித் திணிக்க வேண்டிய டர்போ அத்தனை நாளும் பஞ்சை உறிஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறது. ஃபில்டரில் இருந்தது ஒரு தலையணைக்கு ஆகும்.

'ஏனுங்ண்ணா, வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் இருக்குது. இவ்வளவு காத்துதான், இந்த நேரத்துலதான் பொறின்னு கம்பெனில எழுதி வச்சிருக்கறாங்க. ஆக்டேன் ஏறுனா அது கொஞ்சம் நிமிரும், அவ்வளவுதான். அந்த வெளிநாட்டு வண்டி டேங்குல என்ன இருக்குதுன்னு மோப்பம் புடிச்சு, பம்ப்பு, இன்ஜெக்டர் எல்லாம் அதுக்குத் தக்கன வேலை செய்யும். உங்க வண்டிக்கு ரீமேப் பண்ணோணும், பம்ப்பு மாத்தோணும், இன்ஜெக்டர் மாத்தோணும். அப்பறம் அந்தக் குதிரையெல்லாம் எங்கீங்ண்ணா மேய்ப்பீங்க?'

நான் பதில் சொல்லாததை அவர் ஆர்டர் என்று எடுத்துக்கொள்ளாமல் இருந்தது என் பூர்வ புண்ணியம்.

மகன் விடவில்லை. 2024 மார்ச் 15 அன்று இந்தியன் ஆயில் 183 பங்க்குகளில் இ100 என்ற எரிபொருளை அறிமுகம் செய்தது, தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு என்றான். பெயரில்தான் நூறு, எத்தனால் சுமார் 93 சதவீதம், மீதியில் கொஞ்சம் பெட்ரோல், கலவை பிரியாமலிருக்க இன்னொரு சேர்மானம். கேனில் வாங்கி வந்து இ20-உடன் நாமே கலந்தால் இ30, இ40 என்று போகலாமாம். 'நூல் கோனு அடுக்கி வச்சிருக்கற கொட்டாயில சாராயக் கேனா? தீப்புடிச்சா தறி போகும், புடிக்காட்டி மானம் போகும்' என்று ஒரே வரியில் அந்த ஆராய்ச்சியை மனைவி மூடிவிட்டாள்.

உண்மையில் என்னைப் போன்றவர்களுக்காக இந்தச் சோதனையை அமெரிக்கா 1962-லேயே நடத்தி முடித்துவிட்டது. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு கடைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டப்பாவில் வைத்து, அவ்வப்போது இன்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர் வேறு. வாங்கியவர்கள் பெருமையாக ஓட்டினார்கள். திரவத்தை நிரப்ப மறந்தார்கள். தீர்ந்துபோனால் வண்டி டர்போவை அடக்கிக்கொள்ளும், வேகம் போய்விடும். கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதா கார்புரேட்டர் போட்டுக் கொடுத்தது. இன்வர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவே மறக்கிறவன் நான். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பிறந்திருந்தால் கழற்றச் சொல்லி வரிசையில் முதல் ஆளாக நின்றிருப்பேன்.

இவையெல்லாம் உள்வீட்டு விவகாரம். பெரிய அடி நாமக்கல்லிலிருந்து வந்தது. மனைவியின் அண்ணன் அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு சொல்லும் விலையைக் கேட்டுவிட்டுத்தான் காலையில் காபி குடிப்பார். விலை குறைந்தால் காபியும் கசக்கும். மக்காச்சோளம் விலை ஏறியதிலிருந்து என் காரைப் பார்த்தாலே அவருக்கு முகம் மாறிவிடும். காரணம் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் எத்தனால் என்றால் கரும்புக் கழிவுப்பாகு. இப்போது நாட்டில் எத்தனாலுக்கு அதிகம் போவது மக்காச்சோளம். 2023-24 பருவத்தில் மக்காச்சோள எத்தனாலுக்கு அரசு வைத்த விலை லிட்டர் 71 ரூபாய் 86 காசு. ஆலைக்காரர் அந்தப் பக்கம் ஓடாமல் என்ன செய்வார்? மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வரவழைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மச்சான் கணக்கை எடுத்துப் போட்டார். ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர் எத்தனால் வரும். என் 40 லிட்டர் டேங்கில் எத்தனால் 8 லிட்டர். அதற்கு வேண்டியது 21 கிலோ மக்காச்சோளம். முட்டைக்கோழி தினம் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும், அதில் பாதி மக்காச்சோளம். ஆக 21 கிலோ என்பது ஒரு கோழிக்கு ஒரு வருஷத்துப் பங்கு. அந்த வருஷத்தில் அது 300 முட்டைக்குக் குறையாமல் இடும்.

'மாப்ள, நீங்க டேங்க் ரொப்பறப்பெல்லாம் முந்நூறு முட்டைய ஒடச்சு ஊத்தறீங்க' என்றார். என் இலையில் இருந்த ஆம்லெட் சட்டென்று கனத்துவிட்டது.

நானும் விடவில்லை. எல்லா எத்தனாலும் மக்காச்சோளம் இல்லை, கரும்பும் குருணை அரிசியும் சேர்த்திதான் என்றேன். மக்காச்சோளத்தில் மாவுச்சத்துதான் சாராயமாகிறது, மிச்சப் புண்ணாக்கு டி.டி.ஜி.எஸ். என்ற பெயரில் கோழித் தீவனத்துக்கே திரும்பி வருகிறதே என்றேன். 'அதுல பூஞ்சை நஞ்சு இருக்குதான்னு ஒவ்வொரு லோடும் டெஸ்ட் பண்ணோணும். பண்றது யாரு, நீங்களா?' என்றார். 2018-இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மரவள்ளிக் கிழங்கையும் பட்டியலில் வைத்திருக்கிறது என்பதை நான் அங்கே வாயைத் திறந்து சொல்லவில்லை. சேலத்து ஜவ்வரிசிக்கும் என் கார்தான் எதிரி என்று தெரிந்தால் பாயசமும் கிடைத்திருக்காது.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. எனவே ஊற்றுவதைத்தான் குடிக்க வேண்டும், என் காரும் உங்கள் காரும். பிரேசில்காரர்கள் இதைவிட அதிகம் கலந்து, 27 சதவீதம், இப்போது 30 என்று ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் 1975-லிருந்து அதற்கென்று திட்டம் போட்டு, 2003-லிருந்து எந்தக் கலவையிலும் ஓடுகிற வண்டி செய்து விற்கிறார்கள். நம் ஊரில் வண்டி பழசாகவும் சரக்கு புதுசாகவும் இருப்பதுதான் சங்கடம்.

டர்போ கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். இ20 என்று எழுதியிருந்தால் கவலையில்லாமல் ஊற்றுங்கள். இ10 என்றிருந்தால் ரப்பர் ஹோஸையும் கேஸ்கெட்டையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே மாதக் கணக்கில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தாதீர்கள். ஏர் ஃபில்டரை, விசைத்தறி ஊராக இருந்தால், இன்றைக்கே திறந்து பாருங்கள். ரீமேப், இ85 என்று யாராவது ஆசை காட்டினால் உங்கள் தெருவில் எத்தனை வேகத்தடை என்று எண்ணிவிட்டு முடிவெடுங்கள். கோழிப்பண்ணை மச்சான் இருக்கிறவர்கள் நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போவது உத்தமம்.