லாங் டெர்ம் சார்

மேடவாக்கமோ மேலூரோ, தெருவுக்கு ஒருவர் இருப்பார். கண்டுபிடிக்க மொட்டை மாடியைப் பார்த்தால் போதும். தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். துருவேறிய ஒன்றில் துணிக்கொடி கட்டியிருக்கும், இன்னொன்றில் காக்கை உட்கார்ந்திருக்கும். "பையனுக்குக் கல்யாணம் ஆனா மேல ஒரு மாடி எடுக்கணும்ல? லாங் டெர்ம்ல யோசிச்சுதான் விட்டு வெச்சிருக்கேன்" என்பார். அந்தப் பையன் டல்லாஸுக்குக் கம்பி நீட்டி, இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டான். மாடிக் கம்பி மட்டும் நீட்டியபடியே இருக்கிறது.

பையன் பள்ளிக்கூடம் போன காலத்திலும் இதே கொள்கைதான். "வளர்ற பிள்ளை" என்று ஆறாம் வகுப்பில் தைத்துக் கொடுத்த டிரவுசர், ஒன்பதாம் வகுப்பில்தான் அவன் இடுப்பில் நின்றது. அந்த வருடம் பார்த்து பள்ளிக்கூடத்தில் பேன்ட் என்று மாற்றிவிட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். 1988-ல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது, போட்ட பணம் ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பாகும் என்றார்கள். ஊரே ஓடியது. இவருக்கு அரைமனசு. இப்போது இரட்டிப்பாக 115 மாதம். ஊர் சலித்துக்கொள்கிறது, இவரோ "இப்பத்தான் ஒழுங்கா நடத்துறான்" என்று தபால் நிலையத்துக்குப் போய்வருகிறார்.

ஈமு கோழிக் கம்பெனிகள் பெருந்துறைப் பக்கம் கொடிகட்டிப் பறந்தபோது இவர் மட்டும் சிக்கவில்லை. எச்சரிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். மாதாமாதம் பணம் தருகிறோம் என்றார்கள். அது இவருக்குக் கௌரவக் குறைச்சல். 2012-ல் கோழிகளுக்குத் தீவனம் போடக்கூட ஆளில்லாமல் எல்லாம் கவிழ்ந்தபோது, "ஷார்ட் டெர்ம்ல ஆசைப்பட்டா இப்படித்தான்" என்றார். அதற்குமுன் தொண்ணூறுகளில், இருபது வருடத்தில் லட்ச லட்சமாகத் தரும் என்ற தேக்கு மரத் திட்டத்தில் பணம் கட்டியவர்தான் இவர். செபி 1999-ல் அதற்கெல்லாம் விதிமுறை கொண்டுவந்தபோது பல கம்பெனிகள் போர்டைக் கழற்றின. இவருடையதும் கழற்றியது. சான்றிதழை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். மரம் வளர நாளாகும் அல்லவா?

இவருக்குக் கோபம் வந்து பார்த்தது ஒரே ஒருமுறை. காரணம் வருமான வரிச் சட்டம். மனையை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது லாங் டெர்ம் ஆதாயமாம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஷேர் என்றால் 12 மாதமே போதுமாம். ஆடிட்டர் இதைச் சொன்னபோது ஏதோ குலதெய்வத்தைப் பழித்த மாதிரி எழுந்து நின்றுவிட்டார். "பன்னண்டு மாசமா? ஊறுகாய் போட்டாக்கூட அதுக்கு மேல இருக்குமே சார்!" அவர் மதிக்கிற ஒரே அரசாங்க அலுவலகம் வானிலைத் துறை. மழை கூடுதலா குறைச்சலா என்று சொல்வதற்கு 1971 முதல் 2020 வரை ஐம்பது வருட சராசரியை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறார்களே, அந்த மரியாதை. ஆனால் குடை எடுத்துக்கொண்டு கிளம்பி அவரை ஒருவரும் பார்த்ததில்லை. குடை, பால் கார்டு, கேஸ் புக்கிங், இன்றைக்குச் சாயங்காலம் மோட்டார் போடுவது எல்லாம் வீட்டம்மாவின் இலாகா. அந்த அம்மா பத்து வருடமாகக் கேட்கும் கிரைண்டர், மாடல் இன்னும் மேம்படட்டும் என்று நிலுவையில் இருக்கிறது.

உண்மையிலேயே அவர் கணக்கு பலித்த இடமும் உண்டு. ஊரப்பாக்கத்தில் முள்ளுக்காட்டுக்கு நடுவே வாங்கிப்போட்ட மனை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததும் புரோக்கர்கள் வாசலுக்கே வந்தார்கள். "வித்துடலாங்க, நாலு இடம் போய்ட்டு வரலாம்" என்றார் வீட்டம்மா. இவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பஸ் இப்பத்தானே வந்திருக்கு? மெட்ரோ வரட்டும்." எனக்கென்னவோ, மெட்ரோ வந்தாலும் விற்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. பிபிஎஃப் கணக்கு 15 வருடம் முடிந்தபோது, அதை ஐந்தைந்து வருடமாக எத்தனை தடவை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம் என்று கவுன்ட்டரில் சொன்னார்களாம். மகள் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு பூரிப்பைப் பார்த்ததில்லை என்கிறார் வீட்டம்மா.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மருமகனிடம் சுகன்யா சம்ரித்தி படிவத்தை நீட்டினார். முதிர்வு 21 வருடத்தில்.

"மாமா, குழந்தைக்கு இன்னும் பேரே வைக்கலையே!"

"பேரை எப்ப வேணா வெச்சுக்கலாம் மாப்பிள்ளை."

போன மாதம் முழங்கால் வலி முற்றி டாக்டரிடம் போனார். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்றார் டாக்டர். நல்ல மூட்டாக வைத்தால் பதினைந்து, இருபது வருடம் பயமில்லாமல் நடக்கலாம். இவருக்கு வயது 78. வீட்டம்மா கைகூப்பிக் கும்பிட்டார். இவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரிங்க டாக்டர். இருபது முடிஞ்சப்புறம்? அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்க ஏதாவது வழி இருக்கா?"