பீரோவை நவுத்திப் பாரு, பேராண்டி!

வாடா பேராண்டி, குந்து. ஊடு வாங்கப் போறியாமே? வல்லம் வடகால் சிப்காட்ல வேலை கெடச்சாச்சு. பேங்குக்காரன் கடன் தரேன்னு ஃபோன் மேல ஃபோன் போடறான். அப்புறம் இன்னா கொறச்சல்? ‘ஹோம் இன்ஸ்பெக்‌ஷன்’னு ஒருத்தர் வேற வராராமே. செவுத்துல மிஷினை வெச்சா எம்மாம் ஈரம்னு நம்பர்ல சொல்லுமாமே. நல்லது, வரட்டும். ஆனா அந்த மிஷினுக்கு பீரோவை நவுத்தத் தெரியுமா?

நாங்கல்லாம் சந்தைல மாடு புடிச்சவங்க. விக்கிறவன் கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்துல சலங்கை கட்டித்தான் இட்டாருவான். நாங்க வாயைத் தொறந்து பல்லைப் பாப்போம். நாலு தப்படி நடக்கவுட்டுப் பாப்போம். அவன் காட்டறதை அவனே காட்டிக்குவான். காட்டாததைப் பாக்கத்தானே நீ போற?

மாடுலர் கிச்சனைக் காட்டுவான். ஃபால்ஸ் சீலிங்ல நீலமும் செவப்புமா லைட்டு எரியவுடுவான். நீ வாயைப் பொளந்துகினு நிப்பே. அந்த அட்டைக்கு மேல கான்கிரீட்டு பேந்து, கம்பி துருப்புடிச்சி நிக்குதான்னு யாரு பாக்கறது? ஒரு லைட்டைக் கழட்டச் சொல்லி, அந்த ஓட்டைல டார்ச் அடிச்சிப் பாரு. கோவிச்சிக்குவாரேன்னு கூச்சப்படாதே. கோவம் வந்தா சங்கதி அங்கதான் கீதுன்னு அர்த்தம்.

ஊடு பூரா பழைய பெயிண்டு. ஒரே ஒரு செவுருக்கு மட்டும் புதுசு. அந்தச் செவுருக்கு மட்டும் இன்னா கல்யாணமா? அதுலதான் பீரோவும் நிக்கும். நவுத்து. தரையோரம் கையை வெச்சித் தடவு. உப்பு பூத்து, பூச்சு மாவா உதுந்தா, ஈரம் உள்ள குடியிருக்குது. பூச்சுல மயிரிழைக் கீறல் இருந்தா பதறாதே, அது சிமெண்டு காய்றப்போ வர்றது. ஜன்னல் மூலைலருந்து சாய்வா ஏறுற விரிசல்ல ஒரு ரூபா காசு நொழையுதா? கதவும் நெலையும் ஒட்ட மாட்டேங்குதா? அஸ்திவாரம் எறங்கியிருக்கலாம். அதுக்கு இன்ஜினியரைக் கூப்புடு. பெயிண்டரைக் கூப்புட்டா அவன் அதையும் மூடிடுவான்.

மொட்டை மாடில ரெண்டு பக்கெட்டு தண்ணி கொட்டு. கொழாய்க்குப் போவுதா, நடுவுல குந்திக்குதா? பாத்ரூம்லயும் கொட்டிப் பாரு. வந்தவங்களுக்கு டீ குடுப்பாங்க. கேன் தண்ணில போட்ட டீயாதான் இருக்கும். ‘ஒரு சொம்பு போர் தண்ணி குடுங்கம்மா’ன்னு கேளு. அவங்க மூஞ்சி போற போக்கைப் பாரு. செப்டிக் டேங்க் எங்க கீது, போர்லருந்து எம்மாந் தூரம், லாரி வந்து எடுக்க வழி இருக்குதான்னும் கேட்டுக்கோ.

‘ஒரகடம் அஞ்சே நிமிஷம்’னு நோட்டீஸ்ல போட்டிருப்பான். எந்த நேரத்துல? நடு ராத்திரிலயா? ஷிப்ட் பஸ்ஸுங்க வரிசை கட்டி வர்ற நேரத்துல நீயே வண்டில போய்ப் பாரு. 18,720 பொண்ணுங்க தங்கற விடுதியே வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல தொறந்தாச்சு. இம்மாஞ் சனம் வந்தா வெலை ஏறத்தான் செய்யும். வெலை ஏறினா செவுரும் கெட்டியாயிடுமா?

நம்ம காஞ்சிபுரம் ஜில்லா ஏரி ஜில்லாடா. சித்திரைல பாத்தா எல்லா மனையும் மேடுதான். ஐப்பசி, கார்த்திகைல மழை ஊத்தறப்போ போ. பக்கத்தூட்டு காம்பவுண்டு செவுத்துல தண்ணி நின்ன கோடு இருக்குதான்னு பாரு. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கீழ்த்தளமே முழுகிப் போச்சே. அந்த ஊடுங்களும் வெயில் காலத்துல பளபளன்னுதான் இருந்துச்சு. ஏரி கலங்கல் எங்க, வரத்துக் கால்வா எங்கன்னு புரோக்கரைக் கேக்காதே. ஆடு மேய்க்கிற ஆயாவைக் கேளு. அதுக்குக் கமிஷன் கெடையாது.

பத்திரம் இருக்குதுன்னு குதிக்காதே. முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பாரு. தாய்ப் பத்திரம், பட்டா, புலப்படம் மூணையும் பக்கத்துல வெச்சி, சர்வே நம்பர் ஒத்துப்போவுதான்னு பாரு. ‘அப்ரூவல் இல்லைன்னா இன்னா, அப்புறம் வரன்முறை பண்ணிக்கலாம்’னு ஒருத்தன் சொல்லுவான். 2017-ல வந்த அந்த விதி, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி போட்ட மனைக்குத்தான். ஏரில, ஓடைல விழுந்த மனைக்கு அதுவும் கெடையாது.

அப்ரூவல் இருந்தா மட்டும் தூங்கிடலாமா? மவுலிவாக்கத்துல 2014 ஜூன்ல 11 மாடி சரிஞ்சி 61 பேரு செத்தாங்களே, அதுவும் சி.எம்.டி.ஏ. அனுமதி வாங்கின கட்டடந்தான். காயிதம் தூணைத் தாங்காதுடா. மண்ணு பரிசோதனை, கம்பி வரைபடம் எல்லாத்தையும் கேட்டு வாங்கு. புது பிளாட்டுன்னா ரெரா பதிவு நம்பரையும் பாரு. சாவி குடுத்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானப் பழுது வந்தா, கட்டினவரே 30 நாள்ல செலவில்லாம சரி பண்ணித் தரணும்னு ரெரா சட்டத்துலயே இருக்குது. பால் காய்ச்சின சந்தோஷத்துல அதை மறந்துடாதே.

சரி, நாளைக்கு நீயும் ஊட்டை விப்பே. அப்போ புத்திசாலின்னு நெனச்சிக்கினு பெயிண்டு கடைக்கு ஓடாதே. ஒழுகற எடத்தை அடை, அடைச்ச பில்லை எடுத்து வை, வர்றவன் கேக்கறதுக்கு முன்ன நீயே சொல்லிடு. சொல்லி வித்தா வெலைல கொஞ்சம் கொறையும், அவ்ளோதான். மறைச்சி வித்தா? வாங்கினவன் மழைக்கு மழை பக்கெட்டைத் தூக்கிக்கினு உம் பேரைச் சொல்லுவான். அர்ச்சனைதான், ஆனா கோயில்ல பண்ற அர்ச்சனை இல்ல.