புதுக் கார் ஓசையின் இருப்பும் இன்மையும்: ஓர் ஆய்வு

புதுக் காரில் எழும் ஓசை தவணை கட்டுபவருக்கு மட்டுமே தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குக் கேட்காது. பின்சீட்டில் இருக்கும் மாமனாருக்குக் கேட்கும். அந்த மாடலைச் சிபாரிசு செய்தவர் அவரே என்றால் அவருக்கும் கேட்காது. சர்வீஸ் சென்டர் கேட்டைத் தாண்டிவிட்டால் ஒருவருக்கும் கேட்காது. சாட்சிகள் இவ்வளவு முரண்படும் ஒரு பொருளை ஆய்வுலகம் இனியும் ஒதுக்கிவைப்பது முறையன்று.

கதவுப் பையில் உருளும் தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டுச் சில்லறை, கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் ஆகியவற்றை முதலிலேயே விலக்கிவிட்டோம். முன்னோர் பலர் வழுக்கிய இடம் அது.

முரண்பாட்டின் வேர் உடற்கூற்றில் இருக்கிறது. மனிதக் காதின் கீழெல்லை நொடிக்குச் சுமார் 20 அதிர்வு. இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் மூன்று சிலிண்டர் எஞ்சின். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங்கில் நிற்கும்போது அதற்குள் நொடிக்கு 20 வெடிப்பு நிகழ்கிறது. ஆக, சிக்னலில் நிற்கும் வண்டி காதுக்கும் இடுப்புக்கும் இடையிலான எல்லைக்கோட்டில் நிற்கிறது. சத்தம் என்பவர், உதறல் என்பவர், ஒன்றுமே இல்லை என்பவர் மூவரையும் பொய்யர் என்று சொல்ல வழியில்லை. 185/65 ஆர்15 டயர், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும். பேலன்ஸ் போன சக்கரம் அதனால்தான் காதை விட்டுவிட்டு உடம்பைப் பிடிக்கிறது: பெரும்பாலும் முன்சக்கரமென்றால் ஸ்டியரிங்கில், பின்சக்கரமென்றால் சீட்டில்.

அடுத்து, குற்றவாளி யார்? ஆளில்லாத நேர்ச்சாலையில், உதறும் வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்ப்பது தொன்மையான சோதனை. அப்போதும் உதறினால் எஞ்சின் விடுதலை. டயர், ரிம், வீல் பேரிங் கூண்டில் ஏறும். மிதிக்கும்போது மட்டும் உதறினால் ஆக்சிலின் உள்ஜாயிண்ட் மேல் சந்தேகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக்டக்கென்றால் வெளிஜாயிண்ட். சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் சுழற்சி பிசகாமல் போய்ச்சேர, 1920களில் ஆல்ஃபிரெட் ஷெப்பா என்ற பொறியாளர் எஃகுக் குண்டுகளை வைத்து வகுத்த ஏற்பாடு அது. அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வழிந்து மண் புகுந்தால் ஷெப்பாவே வந்தாலும் மாற்றத்தான் சொல்வார்.

இவ்வளவும் இயற்பியல். சர்வீஸ் சென்டரில் நடப்பது தர்க்கவியல். சூப்பர்வைசர் ஏ.சி.யை நான்கில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஒரு ரவுண்டு ஓட்டுவார். “எல்லா வண்டியிலயும் வர்றதுதான் சார்.” நம்பாதவருக்கு அதே மாடலில் இன்னொரு வண்டியை ஓட்டிக்காட்டுவார். அதிலும் அதே உதறல். ஒரு வண்டியில் இருந்தால் குறை, இரண்டில் இருந்தால் இயல்பு என்பது அங்கே நிறுவப்பட்ட தேற்றம்.

எதிர்த் தரப்பும் உண்டு. மூலையில் நிற்கும் மூத்த மெக்கானிக் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினுக்கு அருகே ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வார். “எஞ்சின் மவுண்ட் உட்காந்துடுச்சு” என்பார், மெதுவாக, சூப்பர்வைசர் காதில் விழாதபடி.

ஜாப் கார்டில் இது ஏறாது. நாம் பரிசீலித்த ஜாப் கார்டு வாசகம் வருமாறு: புகார், சத்தம். சோதனையில் கண்டது, சத்தம் இல்லை. செய்த வேலை, வாட்டர் வாஷ்.