மூளைப் புரதத்துக்குப் பெயர் வைப்பது எப்படி?

விடியும் முன்பே ஐஸ் பெட்டியோடு மாட்டிறைச்சிக் கூடத்துக்குப் போய்விடுங்கள். தாமதித்தால் மூளையிலேயே இருக்கும் நொதிகள் உங்களுக்கு முந்திப் புரதங்களைத் துண்டு போட்டுவிடும். கூடவே ஈரலும் வாங்குங்கள், குழம்புக்கல்ல. ஈரலில் இல்லாத, மூளையில் மட்டும் இருக்கிற புரதம் எது என்பதுதானே கேள்வி! செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிளேக் மூர் 1960-களில் இப்படித்தான் இரண்டையும் ஒப்பிட்டார்.

அரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுங்கள். அதில் அம்மோனியம் சல்ஃபேட் உப்பைக் கொட்டக் கொட்டப் புரதங்கள் திரிந்து அடியில் தங்கும். இனி ஒரு சிட்டிகை உப்பும் கரையாது என்கிற நூறு சதவீத நிலையிலும் ஒன்று திரியாமல் நிற்கிறதா? பிடித்துவிட்டீர்கள். அது மூளையில் என்ன வேலை பார்க்கிறது என்று யோசித்து நேரத்தைப் போக்காதீர்கள். அது பின்னால் வருகிறவர்கள் பாடு. நூறிலும் கரைந்திருந்ததால் (ஆங்கிலத்தில் ‘சொல்யூபிள்’) ‘எஸ்-100’ என்று எழுதி அனுப்புங்கள். 1965-ல் மூர் வைத்த பெயர் அதுதான். அது ஒற்றைப் புரதமல்ல, இருபதுக்கு மேற்பட்டவை அடங்கிய குடும்பம் என்பதெல்லாம் பிறகு தெரியவரும். பெயரை யாரும் மாற்றமாட்டார்கள்.

உப்பு கைகொடுக்காவிட்டால் செல்லுலோஸ் நிரப்பிய குழாய் இருக்கிறது. மூளைச் சாற்றை அதன் வழியே இறக்கி, சொட்டுவதை எண்ணிட்ட டியூபுகளில் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் ஸ்டார்ச் ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் ஆளுக்கொரு தூரம் ஓடி நிற்கும். பதினான்காவது பகுதியில் வந்தது, ஜெல்லில் 3.3 என்ற இடத்தில் நின்றது, ஆக 14-3-3. லாட்ஜில் தங்கியவரை அறை எண்ணாலேயே கூப்பிடுவது போன்ற இந்தப் பெயர் 1967-லிருந்து நிலைத்திருக்கிறது.

ஒரே எச்சரிக்கை: ‘மூளைக்கே உரியது’ என்று மார்தட்டாதீர்கள். 14-3-3 மூளையில் ஏராளம், உண்மை. ஆனால் செடியிலும் இருக்கிறது, ஈஸ்டிலும் இருக்கிறது. ஈஸ்டுக்கு மூளை கிடையாது.

டியூபில் எண்ணைத் தெளிவாக எழுதுங்கள்; பின்னால் யாராவது அதைத் தேடி வரலாம். க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்னும் மூளைநோய் கண்டவர்களின் தண்டுவட நீரை 1986-ல் ஜெல்லில் ஓடவிட்டபோது இரண்டு புள்ளிகள் தனித்துத் தெரிந்தன. பெயர் தெரியாததால் 130, 131 என்றார்கள். அவை யாரென்று 1996-ல் துப்புத் துலங்கியது: 14-3-3.