ஆகஸ்ட் ஒன்றாம் தேதிப் பிள்ளைகள்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் வருடத்துக்கு ஒரு தடவை கல்வி கரைபுரண்டு ஓடும். ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்ட் முதல் தேதியோடு வடிந்துவிடும். வேதக்கோயில் பள்ளிக்கூடத்துச் சார்வாளும் டீச்சரும் கையில் புதுப் பையும் பென்சில் டப்பாவுமாகத் தெருத்தெருவாக வருவார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவன்கூட அத்தனை குழைவாகப் பேசமாட்டான். அரசு உதவிபெறும் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பதை ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படியான பிள்ளைகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. தலை குறைந்தால் ஒரு சார்வாள் ‘உபரி’. எனவே தலைக்கட்டு எண்ணியாக வேண்டும்.

திண்ணையில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கும் பாட்டியிடம் பேச்சு இப்படித்தான் போகும்:

“பாட்டியம்மா, பேரனை நம்ம பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க. காலையில டிபன், மத்தியானம் முட்டையோட சாப்பாடு.”

“அது கெடக்கட்டும் சார்வாள். ஒங்க பிள்ளைக எங்க படிக்குதுக?”

“அதுக டவுன்ல... மெட்ரிகுலேஷன்ல.”

“அந்த வேன் நம்ம ஊருக்கும் வருதாம்ல. எம்பேரனையும் அதுல ஏத்திவிட ஒரு வழி சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பாட்டிக்கு விளங்கியது சபைப் பெரியவர்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு அவளைவிட நன்றாகவே விளங்கியிருக்கிறது. டவுனில் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாடிமேல் மாடி ஏறுகிறது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு உடைந்த ஓடு மாற்ற நிதி இல்லை. இரண்டுக்கும் தாளாளர்கள் ஒரே சபைக்காரர்கள். இரண்டின் ஜெபத்தையும் கேட்பவர் ஒரே ஆண்டவர். பீஸ் கட்டுகிறவனின் ஜெபம் மட்டும் எப்படி முந்திப் போய்ச் சேருகிறது என்பது இறையியல் கல்லூரியில் ஆராய வேண்டிய விஷயம்.

இந்த மண்ணில் திருச்சபை இப்படியா தொடங்கியது? ராக்லாந்து என்று ஒருவர் இருந்தார். கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் ஃபெலோவாக இருந்தவர். அதை விட்டுவிட்டு 1854இல் வட திருநெல்வேலிச் சீமையில் கூடாரம் போட்டு, ஊர் ஊராக அலைந்து, 1858இல் சிவகாசியில் செத்துப்போனார். அவர் வழியில் வந்த உபதேசியாரும் வாத்தியாரும் ஊருக்குள்ளேயே குடியிருந்தார்கள். வேறு எவனும் திண்ணையில் உட்காரவிடாத பிள்ளையைத் தங்கள் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். மதம் மாற்றத்தான் வந்தார்கள் என்று இன்றைக்குச் சிலர் கணக்குக் கேட்கிறார்கள். கேட்கட்டும். அவர்கள் மாற்ற வந்தபோது எழுத்தையாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர்கள் எதையும் மாற்றுவதில்லை, பெஞ்சைக்கூட.

இப்போதைய பள்ளி எப்படி நடக்கிறது? ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஈராசிரியர் பள்ளி என்று பெயர். தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டால் ஓராசிரியர் பள்ளி. இருக்கும் டீச்சர் வருகைப்பதிவைச் செல்போனில் ஏற்ற வேண்டும். வகுப்பறையில் சிக்னல் இல்லை. வேதக்கோயில் வாசற்படியில் மூன்றாம் படி ஏறினால் ஒரு கோடு வருகிறது. டீச்சர் படியில் நின்று கையை உயர்த்திச் சிக்னல் தேடுகிறபோது, உள்ளே ஐந்து வகுப்பும் ஒரே அறையில் ஒரே வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருக்கின்றன. முதல் வகுப்புக்கு அது பாட்டு, ஐந்தாம் வகுப்புக்குத் தாலாட்டு. கொரோனா மூடலுக்குப் பின் 2022இல் வந்த ஏசர் கல்விநிலை ஆய்வில், தமிழகக் கிராமங்களின் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதன்பிறகு கொஞ்சம் தேறியிருக்கிறது. அந்தக் கொஞ்சத்துக்கே பாராட்டு விழா நடத்துகிறோம்.

பிள்ளை இல்லாமல் சோம்பிக் கிடக்கும் நிர்வாகம், ஒரு பணியிடம் காலியானால் துள்ளி எழும். அன்றைக்குத்தான் உண்மையான ஸ்தோத்திரப் பண்டிகை. சம்பளத்தை அரசு கருவூலம் கொடுக்கும். ஆளை நிர்வாகம் நியமிக்கும். ஊரான் நெய்யில் தன் பெண்டாட்டி கையை முக்கும் வசதி வேறு யாருக்கு வாய்க்கும்? ‘நன்கொடை’ எவ்வளவு என்பது டீக்கடை பெஞ்சுக்குத் தெரியும். ரசீதுப் புத்தகத்துக்கு மட்டும் தெரியாது. அடுத்த சபைத் தேர்தலில் எந்த அணிக்கு ஓட்டு என்பதும் அந்த நியமனத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கடன் வாங்கி உள்ளே வந்தவர் முதலில் வட்டியைத்தான் கூட்டிக் கழிப்பார். பிள்ளையின் கணக்கு அப்புறம்.

யாராவது கேள்வி கேட்டால் தயாராக ஒரு பதில் இருக்கிறது: அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு, சிறுபான்மையினர் உரிமை. அருமையான உரிமை. அதைத் தொட எவன் வந்தாலும் எதிர்த்து நிற்க வேண்டும். ஆனால் நிர்வகிக்கும் உரிமைக்குள் சீர்குலைக்கும் உரிமை அடங்காது என்று 1958இலேயே, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் கரையான் அரித்துவிட்டது போலும். 2014இல் கல்வி உரிமைச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பு வந்தபோது எழுந்த அல்லேலூயா இன்னும் ஓயவில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு அந்தப் பள்ளிகளுக்கும் உண்டா என்பதை 2025 செப்டம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் பொறுத்திருக்கட்டும். ஐந்தாம் வகுப்பு எங்கே ஓடிவிடப் போகிறது? பெற்றோர் தட்டிக் கேட்கலாமே என்பீர்கள். இத்தகைய பள்ளிகளின் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்று 2012இலேயே கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க நின்று திரும்புகிற அம்மா சாயங்காலம் தாளாளர் ஐயாவுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். அவரும் காது கொடுத்துக் கேட்பார்.

அரசு மட்டும் என்ன யோக்கியம்? காமராஜர் 1956இல் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 2024 ஜூலையில் காலை உணவும் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. நல்ல காரியம், பசித்த வயிற்றைக் கிண்டல் செய்கிறவன் மனிதனில்லை. ஆனால் சோறு வெந்ததா என்று ருசி பார்க்க ஆள் உண்டு, பாடம் வெந்ததா என்று பார்க்க வருகிறவர் பதிவேட்டைப் புரட்டி, டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார். இன்னொரு பக்கம், 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் கிராமத்துப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்து அரசே கட்டணம் செலுத்துகிறது. காலியாகிற பள்ளிக்கும் அரசுப் பணம், காலியாக்குகிற வேனுக்கும் அரசுப் பணம்.

சொந்தக் காசில் சாக்பீஸும் செருப்பும் வாங்கிக் கொடுத்து, இருட்டுகிறவரை உட்கார்ந்து வாசிக்க வைக்கும் டீச்சர்களும் இதே பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சால்வை போர்த்துவதில்லை. ஆண்டுவிழாவில் சால்வை தாளாளருக்கு.

ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளை விடியுமுன் பஸ்ஸில் அள்ளிக்கொண்டு போனது தீப்பெட்டி ஆபீஸ். அந்தக் கொடுமையைத்தான் எழுத்தாளர் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ என்று படமாக எடுத்தார். அந்த முதலாளி பிள்ளையின் விரலை எடுத்துக்கொண்டு கூலி என்று நாலு காசாவது கொடுத்தான். தாளாளர்களே, நீங்கள் ஐந்து வருஷத்தை எடுத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். அதில் ‘நடத்தை: நன்று’ என்று வேறு எழுதுகிறீர்கள். உங்கள் நடத்தைக்கு யார் சான்றிதழ் தருவது?

ஐயாமாரே, ஒன்று செய்யுங்கள். அடுத்த ஆகஸ்ட் 1ஆம் தேதி தலையை எண்ணும்போது, அதில் எத்தனை தலை வாசிக்கிறது என்றும் எண்ணி, வேதக்கோயில் அறிவிப்புப் பலகையில் காணிக்கைக் கணக்குக்குக் கீழே எழுதிப் போடுங்கள். எழுத வெட்கமாக இருந்தால் பள்ளிச் சாவியை ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டு அடுத்த தேர்தல் வேலையைப் பாருங்கள். அந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்கள் அவர்களுடைய பாட்டன்மார்கள்தான்.