தண்ணீருக்கு ஒரு மணி, சர்க்கரைக்கு ஒரு பலகை

எங்கள் காலத்துப் பள்ளிக்கூட மணிக்கு இரண்டே வேலைதான்: உள்ளே தள்ளும், வெளியே விடும். தாகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 2019இல் கேரளத்தில் தொடங்கிய 'வாட்டர் பெல்' தமிழ்நாடு வரைக்கும் வந்துவிட்டது, பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள் என்பதற்காகவே தனியாக மணி அடிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஏனென்றால் புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நான் படித்த அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் ஆரம்பித்ததுமே வகுப்பு முழுவதற்கும் தாகம் எடுத்துவிடும். "சார், தண்ணி" என்று எழுந்து போனவன் திரும்பி வருவதற்குள் அடுத்தவனுக்கு நா வறண்டுவிடும், பின்னங்களும் தசமங்களும் பெருகப் பெருக வறட்சியும் பெருகிக்கொண்டே போகும்.

மதிலோரம் ஒரு பித்தளைக் குழாய். டம்ளர் என்ற பேச்சே கிடையாது. வலது கையைக் குழாய்க்குக் கீழே குழித்து, குனிந்து, வாயை மணிக்கட்டோடு ஒட்டிவைத்துக் குடிக்க வேண்டும். பாதித் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும், பாதி முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும், அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு பெரிய பையன் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தி விரலிடுக்கில் பீச்சினால் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் நீர்ச்சத்து கூடிவிடும். அது முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் என்பதில் ஊருக்கே ஒரு கர்வம் உண்டு. பாரதி பூங்காவின் நடுவில் நிற்கிற ஆயி மண்டபமே அந்தத் தண்ணீர் ஊருக்குள் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்ததுதான். தண்ணீர் வந்ததற்காக வெள்ளை வெளேரென்று மண்டபம் கட்டிக் கொண்டாடிய ஊரில் இன்றைக்குப் பிள்ளைகள் ஒரு லிட்டர் பாட்டிலை முதுகில் சுமந்துகொண்டு போய், மூடியைத் திருகாமலேயே சாயங்காலம் சுமந்துகொண்டு திரும்புகிறார்கள். மணி அடிக்காமல் என்ன செய்வார்கள், பாவம்.

சோற்று விஷயத்தில் மட்டும் புதுச்சேரிக்காரர்கள் காலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பிரெஞ்சு நிர்வாகம் 1930இலேயே இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைக் கொண்டுவந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் காமராஜர் திட்டம் வர 1956 ஆயிற்று, எம்.ஜி.ஆரின் சத்துணவுக்கு 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. (சென்னை மாநகராட்சி 1920களிலேயே போட்டதே என்று கடலூரிலிருந்து வரும் என் சம்பந்தி ஒவ்வொரு தடவையும் குறுக்கிடுவார், இலையில் சாப்பாடு இருக்கும்போது அவரோடு நான் வாதம் செய்வதில்லை.) அப்பா அந்தப் பிரெஞ்சுக்காலத்துப் பிள்ளை. பிரான்சைப் பற்றி அவருக்கிருந்த அபிப்பிராயம் முழுக்க முழுக்க வயிறு சம்பந்தப்பட்டது. 1954 நவம்பர் 1ஆம் தேதி வெள்ளைக்காரன் கொடி இறங்கியதற்கு ஊரோடு சேர்ந்து கைதட்டிவிட்டு வந்த மனிதர், அதற்கப்புறமும் பல வருஷங்கள், "அரசியல் கெடக்குது, பசிச்ச நேரத்துல சோறு போட்டான்ல" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தபோது நாடு மாறியிருந்தது, சாம்பார் மாறவில்லை. மேலே தெளிந்த நீர், அடியில் அத்தனை பருப்பும். பருப்பு வேண்டுமென்றால் வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டும் என்ற பேருண்மையை நான் மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கொஞ்ச நாளில் மற்றவர்களும் கண்டுபிடித்துவிட்டதால் "நீ போடா", "நீ முதல்ல போடா" என்ற மரியாதையில் வரிசையே நகராமல் நின்றது, ஆயாம்மா கரண்டியோடு எழுந்து வந்தார். 2002இல் ராஜீவ் காந்தி பெயரில் காலையிலேயே சூடான பாலும் பிஸ்கட்டும் கொடுக்க ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாடு இப்போது பெரிய சமையல்கூடத்தில் ஆவியில் வெந்து, மூடிபோட்ட பாத்திரத்தில், வேனில் வந்து இறங்குகிறது. சமைப்பவர்கள் தலையில் தொப்பி, கையில் உறை. சாம்பாரில் பருப்பும் சமமாகக் கலந்திருக்கிறது, யாரும் கடைசியில் நிற்க வேண்டியதில்லை. பதினோரு மணிவாக்கில் ஜன்னல் வழியே வகுப்புக்குள் நுழைந்து, பானிப்பட்டுப் போரை ஒரே மூச்சில் தோற்கடிக்கும் கடுகு கறிவேப்பிலைத் தாளிப்பு வாசனை ஒன்று மட்டும் அந்த வேனில் ஏறவில்லை.

ஆனால் உண்மையான உணவு கேட்டுக்கு வெளியில்தான் இருந்தது, இது எந்த ஊரில் படித்தவர்களுக்கும் தெரியும். சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆயா, கீறிய மாங்காய், நெல்லிக்காய், கொடுக்காப்புளி, இலந்தை வடை, பல்லுக்குச் சவால்விடும் கமர்கட், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தகர டப்பாவில் உப்பும் மிளகாய்த்தூளும். தள்ளி நின்று சவ்வு மிட்டாய்க்காரர் கழியில் சுற்றிய ரோஸ் கலர் பாகை இழுத்து இழுத்து மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடுவார். முள்ளும் உண்டு, சாவியும் உண்டு. அந்த வாட்ச்சை உடனே தின்றுவிடக் கூடாது, வகுப்புக்குள் கட்டிக்கொண்டு போய், மற்றவன் பார்க்கப் பார்க்க மணி பார்த்துவிட்டு, பிறகு முதலில் சாவியை, அப்புறம் முள்ளை, கடைசியில் பட்டையை என்று நக்கிக்கொண்டே வர வேண்டும். பாகு கரைந்து போன பிறகும் கையில் அந்த ரோஸ் கறை இரண்டு குளியலுக்கு நிற்கும். அது என்ன சாயம் என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பதாகச் சொல்லிப் பஞ்சு மிட்டாய்க்குப் புதுச்சேரி தடை போட்டது, சில நாட்களில் தமிழ்நாடும் போட்டது. செய்தியைக் கேட்டதும் நான் என்னையறியாமல் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது சட்டமே இருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது. ஆயாவின் நெல்லிக்காயும் மாங்காயும் அந்த விதிப்படி பார்த்தாலும் தேறிவிடும் என்றுதான் நினைக்கிறேன், மிளகாய்த்தூள் டப்பாவைக் கொஞ்சம் முந்தானைக்குள் மறைத்தால் போதும். வேடிக்கை என்னவென்றால் விதி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஆயாக்கள் போய்விட்டார்கள், அந்த இடத்தில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் வந்துவிட்டன. 2023 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்தியக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ.க்கு மாற ஆரம்பித்தன. அந்த வாரியம் 2025இல் பள்ளிதோறும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது, இரண்டே மாதத்தில் 'எண்ணெய்ப் பலகை'யும் வந்து சேர்ந்தது. பதினோரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளெல்லாம் உள்ளே தள்ளும் கலோரியில் 15 சதவீதம் சர்க்கரையிலிருந்தே வருகிறது, இருக்க வேண்டியது 5 சதவீதம்தான் என்கிறது சர்க்கரைப் பலகைக்கான சுற்றறிக்கை. எங்களுக்கும் பலகை இருந்தது, கரும்பலகை; அதில் பேசியவர்களின் பெயரைத்தான் எழுதினார்கள்.

உடம்பைப் பேணுவதற்கும் அன்றைக்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. இன்றைக்கென்றால், 2020இல் வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தின்படி பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஆண் ஒருவர் பெண் ஒருவர், ஆரோக்கியத் தூதர்கள். பிள்ளைகளில் சிலர் அவர்களுக்குக் கீழே செய்தியாளர்கள். சத்துணவிலிருந்து மனநலம், போதை, இணையப் பாதுகாப்பு வரை 11 தலைப்புகள். செவ்வாய்க்கிழமை அதற்கான நாள். எங்கள் பள்ளியில் இந்தப் பதினொன்றையும் ஒரே ஒரு பி.டி. வாத்தியார் ஒரே ஒரு விசிலை வைத்துக்கொண்டு சமாளித்தார். சண்டை போட்டாயா, கிரவுண்டைச் சுற்று. பீடி வாசனை வருகிறதா, கிரவுண்டைச் சுற்று. பெண்கள் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நின்றாயா, இரண்டு தரம் சுற்று. மனசு சரியில்லை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. எங்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கும் செய்தியே சினிமாப் பாட்டு வழியாகத்தான் வந்து சேர்ந்தது. இன்றைக்குப் பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது, மனசு பாரமாக இருந்தால் பேச 14416 என்ற எண் இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். கிரவுண்டைச் சுற்றி ஓடும்போது கிழக்கிலிருந்து முகத்தில் அடித்த கடற்காற்றை மட்டும் அந்த எண்ணில் அழைத்துக் கேட்க முடியாது.

குருசுக்குப்பத்திலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் நடந்தே வந்தோம், துணிப்பையில் ஒரு சிலேட்டும் இரண்டு புத்தகமும். இப்போது பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று தனியாக ஒரு கொள்கையே வகுத்திருக்கிறார்கள். வருஷத்தில் பத்து நாள் பையே இல்லாமல் வரலாம் என்கிறது புதிய கல்விக் கொள்கை. இறக்கி வைப்பதற்குக் கொள்கை தேவைப்படும் அளவுக்குப் பை கனத்துவிட்டது.

இவ்வளவும் சொன்னபிறகு இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து கேட்பார்கள். காலை இழுத்து இழுத்து நடக்கும் பையன் ஒருவனாவது இல்லாத வகுப்பு அன்றைக்கு இல்லை. நாங்கள் அவனுக்கு வைத்த பெயரை இப்போது எழுதக் கை வரவில்லை. 1995இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே நாட்டின் கடைசி இளம்பிள்ளை வாதம். அப்புறம் யானைக்கால். புதுச்சேரியில் அது வேடிக்கைப் பொருளல்ல, வீட்டுக்கு வீடு தெரிந்த பயம். வேட்டியைத் தரையில் புரளக் கட்டிய வாத்தியார் ஏன் அப்படிக் கட்டுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். 1975இல் இங்கே வந்த கொசு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை ஊர்ச் சாக்கடை, கிணறு ஒன்று விடாமல் கொசுவைத் துரத்தியது. யானைக்கால் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் உலவும் என்பதால், ரத்தம் எடுக்கிறவர்களும் ராத்திரியில்தான் வருவார்கள். டார்ச் வெளிச்சத்தில் விரலைக் குத்துகிறவர்களைப் பார்த்துத் தெரு நாய்கள் குரைத்த குரைப்பில் எந்தக் கொசுவும் அன்றைக்குத் தூங்கியிருக்காது.

ஊசி என்றால் எங்களுக்கு அம்மை குத்துகிறவர்கள். "வந்துட்டாங்கடா!" என்று ஒரு குரல் கிளம்பினால் போதும், பின்மதிலைத் தாண்டி, கடற்கரையில் பழைய பாலத்தின் மிச்சத் தூண்கள் தெரிகிற இடம் வரைக்கும் ஓடி, மணலில் பொந்து தோண்டி உட்கார்ந்துவிடுவோம். மறுநாள் அவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். 2022 ஜனவரியில் பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குக் கொரோனா ஊசி போட ஆரம்பித்தபோது அவர்கள் வரிசையில் நின்று, சட்டைக் கையை அவர்களாகவே மடித்துவிட்டுக்கொண்டு, குத்தும்போது செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் ஓடிய தூரத்தை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மாவின் மகள், அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு, சாயங்காலம் கணக்குச் சந்தேகம் கேட்க வருவாள். அவள்தான் எனக்கு இந்தக் காலத்துச் செய்தியாளர். வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கடித்து மெல்லும் பூச்சி மாத்திரை, எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறாள். "எல்லாரும் முழுங்கிடறீங்களா?" என்று கேட்டேன். "டீச்சர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாப்பாங்க தாத்தா" என்றாள், பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற செம்பருத்தி இந்த வருஷம் ரொம்ப நல்லாப் பூக்கிறது என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அரையாண்டுக்கு ஒரு தரம் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்க் கொல்லை வாழையடியில் துப்பியவன் நான். அந்த வாழை தள்ளிய குலைகளை வீட்டில் எல்லோரும் மெச்சிச் சாப்பிட்டார்கள்.

அவளிடம் ஒரு நாள் சவ்வு மிட்டாய் வாட்ச்சைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அந்தக் கழியை மூடி வைத்திருந்தாரா, கை கழுவினாரா, ஒரு வாட்ச்சில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை இருக்கும், நீங்க யாரும் கேக்கவே இல்லையா என்று வரிசையாக விசாரித்தாள். என் டீயில் விழும் ஸ்பூன்களையும் எண்ணினாள். சர்க்கரைப் பலகை எழுதும் குழுவில் அவள் இருக்கிறாளாம், கையெழுத்து அழகு என்பதால்.

"அப்போ ஸ்கூல் வாசல்ல இப்ப கடையே இல்லியா?" என்றேன், எனக்குள் கொஞ்சம் துக்கமாகவே இருந்தது.

"வாசல்ல எப்படி தாத்தா இருக்கும்? அம்பது மீட்டருக்குள்ள விக்கக் கூடாதுல்ல" என்றாள். "மொனைல ஒரு கடை இருக்கு. அறுபது மீட்டர். ஸ்கேல் வச்சு நாங்க அளந்துட்டோம்."