ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: டி.வி. வராத காலத்தில் நம் சிவகாசி, விருதுநகர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிந்தது?
– வாசகர், திருத்தங்கல்

பதில்: காதால் கழிந்தது! வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டிய ஊர் இது. பசை தடவி, தாளை மடித்து, பெட்டியை வெயிலில் காயப்போட்ட கைக்கு ஓய்வில்லை. கண்ணும் அதிலேயே இருந்தாக வேண்டியிருந்தது. மிச்சமிருந்தது காது ஒன்றுதான். அதை ரேடியோ எடுத்துக்கொண்டது. ஞாயிறு மதியம் சினிமாவின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கித் தரும் ஒலிச்சித்திரம் வந்துவிட்டால், டிக்கெட் இல்லாமல் தெருவே சினிமா 'கேட்கும்'. ரேடியோ இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணை இருந்தது.

அதற்கு முன்பு நடந்ததுதான் சுவாரசியம். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டார். அதைத் தாராளமாகப் போட்ட இலங்கை வானொலிக்கு அடித்தது தீபாவளி! தென்மாவட்டமே ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பியது. அங்கே அறிவிப்பாளராக இருந்த மயில்வாகனனின் குரல் நம் வீட்டுப் பிள்ளையின் குரலாயிற்று. 1957இல் அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதி பிறந்த பிறகுதான் டெல்லி சுதாரித்தது.

பிரிட்டனிலும் இதே கதைதான். 1930களில் பிபிசியின் தலைமை இயக்குநர் ரீத், ஞாயிறென்றால் பிரசங்கமும் கனமான இசையும் போதும் என்றார். ஜனங்கள் ஜனரஞ்சகப் பாட்டுப் போட்ட லக்சம்பர்க் வானொலிக்குத் தாவிவிட்டார்கள்.

ஆறு நாள் உழைத்தவருக்கு ஏழாம் நாள் பாடம் நடத்தக் கூடாது. பாட்டுப் போட வேண்டும்!